சிவப்பு வீடுகள்

"எத்தனை நாள் இருந்தா?" என்று கேட்டான் பிலேமோ. தோள்பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

"ஒன்பது நாள்."

"போதகர் வந்தாரா?"

"எப்படி வருவாரு? மழையில கயித்துப் பாலம் அறுந்து போச்சு."

"அப்போ கர்த்தருக்குப் பிரதிஷ்டை ஆகல."

"ஆகல. பேரு மட்டும் இருந்துச்சு. மூத்த பொண்ணுல்ல, அன்னான்னு கூப்பிட்டோம். பக்கத்து வீட்டுல எல்லாம் என்னை அன்னா அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. சபைப் பதிவேட்டுல அவளை..."

"பிரதிஷ்டை ஆகாத பிள்ளையப் பதிவேட்டுல எழுதக் கூடாது அச்சா. அது விதி."

"சரி" என்றேன்.

பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய பேச்சு இது. பூதாவோ என்ற மலை நகரத்திலிருந்து வடக்கே நான்கு நாள் நடக்க வேண்டிய எங்கள் ஊரில், சோளம் ஒடிக்கிற மாதத்தில் நடந்தது. என் கணவன் பிலேமோ அப்போது ஊர்ச் சபைக்கு எழுத்தர். புதிய பாட்டுப் புத்தகத்துக்குப் பிழை பார்க்க மித்சீனா நகரத்துக்குப் போய் இரண்டு மாதம் தங்கியிருந்தான். பிள்ளை மூன்று வாரம் முந்திக்கொண்டது. அவன் திரும்பி வந்தபோது அவளைப் புதைத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினான். பொழுது சாயும்வரை கல் சுமந்து, அவளைப் புதைத்த மேட்டுக்குக் கொண்டு போனான். முகம் பார்க்காத பிள்ளைக்கு நாலு பக்கமும் கல் அடுக்கிவிட்டு வந்து, கை கழுவிச் சாப்பிட்டான். அதற்குப் பிறகு அவளைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. அதற்குப் பிறகு அவன் என்னை விட்டு ஒரு ராத்திரிக்கு மேல் வெளியூரில் தங்கியதும் இல்லை.

எனக்கு இருந்தது ஒரே ஆசைதான். அவள் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். மறுபடி கேட்டால், 'நீ ஊரில் இல்லாமல் போனாயே' என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னது போலாகிவிடும் என்று பயந்தேன். விதி என்று வேறு சொல்லிவிட்டான். அதனால் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து இன்னொரு பெண் பிறந்தாள். அவள் அன்யி.

லிசுக்களான எங்களில் பிள்ளைக்குப் பெயர் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. முதல் பெண் அன்னா, இரண்டாவது அன்யி, மூன்றாவது அச்சா, நான்காவது அத்தூ. பையன்கள் என்றால் அபூ, அதெங், அக்கே என்று போகும். ஞானஸ்நானத்துக்காக வேதத்திலிருந்து ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். நான் என் அப்பாவுக்கு மூன்றாவது மகள், அதனால் அச்சா. மூத்தது தவறிவிட்டால் அடுத்தது அந்த இடத்துக்கு நகர்ந்து உட்காருவதில்லை. அதனால் அன்யியை யாரிடமாவது புதிதாகக் காட்டினால் அடுத்த கேள்வி தானாக வரும்: "அன்யியா? அன்னா எங்கே?" இந்தக் கேள்வி வரும் என்பதாலேயே பிலேமோ வெளியாட்கள் முன்னால் மகளை ரூத் என்றுதான் கூப்பிடுவான்.

அன்யிக்கு மூன்று வயதாகும்போது மித்சீனாவுக்கு வந்துவிட்டோம். சபைச் சங்கத்தின் அலுவலகத்தில் பிலேமோவுக்கு வேலை. அறுநூற்றுச் சொச்சம் குடும்பங்களின் பதிவு முழுக்கக் கம்ப்யூட்டரில் இருந்தது. வருகிற கிறிஸ்துமஸ் மகாநாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்ப அட்டை அச்சடித்துக் கொடுப்பதாகச் சங்கம் முடிவு செய்திருந்தது. ஒருமுறை அச்சடித்தால் பத்து வருஷத்துக்கு அதுதான்.

அந்த நேரத்தில்தான் அத்தூ அத்தை காணாமல் போனார்.

சந்தையில் புளித்த மூங்கில் குருத்து விற்கிறவர் அவர். மீன் குலம். மகன் கல்யாணத்துக்காகச் சபைக் கடிதம் வாங்க வந்திருந்தார். வாசலிலேயே "ஹ்வா ஹ்வா" என்று எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, நாற்காலி நிறைய உட்கார்ந்தார். நான் அன்று பிலேமோவுக்கு மதியச் சோறு கொண்டு போயிருந்தேன்.

பிலேமோ பெயரைத் தட்டித் தேடினான். மறுபடி தேடினான்.

"நீங்க இல்லையே அத்தை."

"என்னது இல்ல?"

"பதிவுல நீங்க இல்ல."

"அடேய், உன் முன்னாடிதானே குந்தியிருக்கேன். இந்த உடம்பு உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டர் இல்லைங்குது."

"போன ஞாயித்துக்கிழமை அது சபைக்கு வந்துச்சா? நான் வந்தேன். ரெண்டாவது பெஞ்சுல உக்காந்து பாடினேன். உன் பொண்டாட்டியக் கேளு."

"வந்தாங்க" என்றேன். "அவங்க பாடினா கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குமே."

"கேக்கட்டுமேடி. கர்த்தருக்குத்தானே பாடறேன், உன் காதுக்கா?"

பிலேமோ தேடுவதை விட்டுவிட்டுப் பட்டியலைக் கையாலேயே உருட்டிக்கொண்டு போனான். கால் மணி நேரத்தில் அத்தை கிடைத்துவிட்டார். அத்தூ, மீன் குலம், எல்லாம் சரியாக இருந்தது. அவன் தேடிய பெயரையும் பட்டியலில் இருந்த பெயரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றேன்.

பிலேமோ நெற்றியைத் தேய்த்தான். "இல்ல. முதல் எழுத்து வேற."

எங்கள் எழுத்தில் பாதி, ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளைப் போலவே இருக்கும். மீதி அவற்றையே தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பிப் போட்டவை. அகரத்துக்கு எங்களிடம் இருப்பது கூடாரம் போல நிமிர்ந்து நிற்கும் எழுத்து. ஆங்கிலத்திலும் அதே கூடாரம்தான். சில வருஷங்களுக்கு முன்னால் யூனிகோடில் எங்கள் எழுத்துகளுக்கென்று தனி இடம் கொடுத்து, அந்தக் கூடாரத்துக்கும் ஒரு தனி எண் கொடுத்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆள், இது வேறு ஆள்.

பதிவைத் தட்டியவர்கள் மூன்று பேர். அவர்கள் செய்தது என்னவென்று எனக்கு உடனே புரிந்தது. ஏனென்றால் நானும் என் போனில் அதைத்தான் செய்கிறேன். கூடாரம்தான் ஆங்கிலத்திலேயே இருக்கிறதே, அதற்காக எதற்குக் கீபோர்டை மாற்ற வேண்டும்? தலைகீழ் எழுத்து வரும்போது மாற்றிக்கொண்டால் போதும். இப்படித் தட்டியதில் ஒவ்வொரு பெயரின் தலையும் ஆங்கிலம், உடம்பு லிசு. எங்களில் அந்த எழுத்தில் தொடங்காத பெயரோ அபூர்வம்.

"அப்போ நான் பாதி வெள்ளைக்காரியா?" என்று கேட்டார் அத்தை.

"தலை மட்டும்."

"அதானே பாத்தேன், ரெண்டு நாளா தலைவலி." கடிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு பொட்டலம் மூங்கில் குருத்தை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

எல்லாக் கூடாரங்களையும் ஒரே அடியாக மாற்றிவிடலாம் என்று பிலேமோ முதலில் நினைத்தான். மாற்றியும் பார்த்தான். அதே பட்டியலில் ரத்த வகை எழுதிய ஒரு பத்தி இருந்தது. அதிலிருந்த கூடாரங்களும் சேர்ந்து மாறிவிட்டன. சங்கத்துக்கு மூப்பரான சீலா ஐயா அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சிரித்தார். "ஊர்ல இருக்கற ரத்தம் பூரா லிசு ஆயிடுச்சுடா. ஆஸ்பத்திரியில கேட்டா, எங்க ரத்தம் உங்க பாட்டிலுக்கு ஒத்துவராதுன்னு சொல்லிடலாம்."

அதனால் வீடு வீடாகத்தான் பார்க்க வேண்டும் என்று ஆயிற்று. பிலேமோவோடு வேலை பார்த்த பெண் மலேசியாவுக்குப் போய்விட்டிருந்தாள். ஊர்களிலிருந்து வந்த கையெழுத்து நோட்டுகளைச் சத்தமாக வாசிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளை மேய்த்துப் பழகிய குரல் என்னுடையது. "நீ வாசி, நான் அடிக்கறேன்" என்றான் பிலேமோ. மழைக்காலம் முழுக்க அப்படித்தான் போனது.

அவன் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிழையைக் கண்ணால் பிடிக்க முடியாது என்பதால், கம்ப்யூட்டரிடமே ஒரு வேலை கொடுத்தான். ஒவ்வொரு வீட்டிலும் பெண் பிள்ளைகளை வரிசையாக எண்ணி, முதல் பெண் அன்னா, இரண்டாவது அன்யி என்று சரியான எழுத்தில் இருக்கிறதா என்று அது பார்க்கும். பையன்களுக்கும் அப்படியே. பொருந்தாவிட்டால் அந்த வரி சிவப்பாகிவிடும். வெறும் வேதப் பெயர் மட்டும் இருந்தால் கண்டுகொள்ளாது, அதற்கு வரிசை கிடையாதே. வேறு எந்த இனத்தாருக்கும் இந்த யோசனை வேலைக்கு ஆகாது. எங்களுக்கு அற்புதமாக ஆனது.

சிவப்பு வந்தால் அவன் முதலில் அந்தக் கூடாரத்தை அழித்துவிட்டு, கீபோர்டை மாற்றி, புதிதாக ஒன்றைத் தட்டுவான். முக்கால்வாசி வரிகள் அப்போதே வெளுத்துவிடும். எழுத்துதான் குற்றவாளி. தட்டிய பிறகும் சிவப்பு போகாவிட்டால் எழுத்தில் கோளாறு இல்லை. வீட்டில் ஓர் ஆள் குறைகிறது என்று அர்த்தம்.

அப்படி நின்றவை நாற்பத்தொரு வீடுகள். அவற்றில் ஒன்று எங்களுடையது. திரையில் அந்த வரி சிவந்த நிமிஷத்தில் நான் பார்த்தேன். பிலேமோவும் பார்த்தான். "அடுத்தது வாசி" என்றான். வாசித்தேன்.

நோட்டுகள் முடிந்ததும் அந்த வீடுகளுக்கெல்லாம் போன் செய்து கேட்கச் சொன்னார் சீலா ஐயா. "அச்சா கேக்கட்டும். பொம்பளைங்க கேட்டாத்தான் பொம்பளைங்க பதில் சொல்வாங்க."

எப்படித் தொடங்குவது என்று முதல் இரண்டு நாள் தடுமாறினேன். பிறகு நேராகவே கேட்டுவிடப் பழகினேன். "உங்க வீட்டுல அன்யி இருக்கா, அன்னா இல்லையே?" அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

சில வீடுகளில் வேடிக்கையாக இருக்கும். தேனீக் குலத்துக்காரர் ஒருவர் போனிலேயே கத்தினார். "எங்க அன்னாவா? அவ எங்க அண்ணன் வீட்டுல வளர்றா. அங்க போய்த் தேடும்மா."

"அங்கயும் ஒரு அன்னா இருக்காளே?"

"ஆமா, அவ அவங்களோடது. இவ எங்களோடது. சோறு போடறப்ப ஒரு தடவை கூப்பிட்டா ரெண்டும் வரும். எங்க அண்ணிக்கு ஒரு கூப்பாடு மிச்சம்."

சில வீடுகளில் அப்படி இல்லை. ஒரு தகப்பன், "ரெண்டு வயசு, ஆத்தோட போயிட்டா" என்றார். பிறகு, "எழுதும்மா. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேக்கலையே" என்றார். நான் சொல்லச் சொல்ல பிலேமோ தட்டுவான். பெயர், குலம், இருந்த நாள், பக்கத்தில் ஒரு சிலுவை. வரி வெளுத்துவிடும். அடுத்த எண்ணைச் சுழற்றுவேன்.

எனக்கு அது ஒரு வேலையாகத்தான் இருந்தது. தட்டில் சோறு இருந்தால் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். அழுகிறவர்களை அழவிட்டுக் காத்திருந்தேன். கரண்ட் போனால் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு, வந்ததும் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை, வைமாவ் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். சின்னக் குரல், என்னைவிட இளையவளாக இருக்க வேண்டும்.

"இருந்தா அக்கா. ஒரே ஒரு ராத்திரி."

"ஒரு ராத்திரியா?"

"கோழி கூவறப்ப போயிட்டா. யாரும் ஜெபம் பண்ணக்கூட இல்ல. அவளை எழுதலாமா?"

என் வாயில் விதி தயாராக இருந்தது. பதின்மூன்று வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்ட விதி. சொல்லாமல், போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினேன்.

"ஒரு ராத்திரி இருந்த பிள்ளை. பிரதிஷ்டை ஆகல. எழுதலாமான்னு கேக்கறா."

பிலேமோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதலாம்" என்றான்.

அன்னா, புலிக் குலம், ஒரு ராத்திரி. நான் சொன்னேன். அவன் தட்டினான். அந்த வரி வெளுத்தது. அந்தப் பெண் மூன்று முறை நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அன்று சாயங்காலம் சீலா ஐயா அலுவலகத்தைப் பூட்டும்போது நான் வேண்டுமென்றே பின்தங்கினேன்.

"மூப்பரே, பிரதிஷ்டை ஆகாத பிள்ளைய எழுதக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கா?"

"எங்க?"

"சபையில."

"நம்ம சபையிலயா?" அவர் பூட்டை இழுத்துப் பார்த்தார். "பிறந்தா எழுத வேண்டியதுதானே. இதுல என்ன விதி? யாரு சொன்னா உனக்கு?"

"யாரோ ஊர்ல சொன்னாங்க."

"அவனுக்கு எழுதச் சோம்பேறித்தனமா இருந்திருக்கும். கண்டவன் பேச்சையெல்லாம் கேக்காத" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

அவனுக்குச் சோம்பேறித்தனம் இல்லை. அது எனக்குத் தெரியும். ஒரு கமாவுக்காக அச்சகத்துக்கு இரண்டு முறை நடப்பவன் அவன். வீட்டுக்கு வந்து சேப்பங்கிழங்கை வேகவைத்துத் தோலுரித்துக்கொண்டிருந்தேன். கை பாட்டுக்கு உரித்தது. விதி என்று ஒன்று இல்லவே இல்லை. அவனாக அந்த நிமிஷத்தில், பையை இறக்காமல், நின்ற இடத்திலேயே செய்துகொண்ட விதி அது. அதன் பின்னால் நின்றுகொண்டால் நான் மேலே கேட்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நானும் கேட்கவில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. கூடையில் கல் சுமந்துகொண்டு மேட்டில் ஏறியவனின் முதுகும் கூடவே வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அம்மா, அந்தக் கிழங்கு பாதிதான் இருக்கு" என்றாள் அன்யி. தோலோடு சதையையும் பிய்த்துத் தள்ளியிருந்தேன்.

"மீதியை நீ உரி."

"நான் உரிச்சா மட்டும் அப்பா சாப்பிடுவாரா? நான் உப்பு போட்ட குழம்பையே மூணு நாளா சொல்லிக் காட்டறாரு."

"உப்பா அது? எங்க ஊர்ல அதுல பன்னிக்கறி ஊற வைப்போம்" என்றான் பிலேமோ, உள்ளேயிருந்து. அவள் கிழங்கை அவன் மேல் எறிவது போலப் பாவனை செய்தாள். அவன் சிரித்தான். அவனோடு சேர்ந்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இப்படிப்பட்டவனிடம் எதைத்தான் கேட்பது?

அடுத்த வாரம் போன்கள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு வந்தன. பத்து வீடு மிச்சம், ஆறு வீடு மிச்சம். எங்கள் வீட்டின் முறை வரும்போதெல்லாம் பிலேமோ அதைத் தாண்டிப் போனான். "அது நம்ம வீடுதானே, கடைசியில பாத்துக்கலாம்." இரண்டாவது முறையும் அதையே சொன்னான். மூன்றாவது முறை நேராகக் கீழே உருட்டிவிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் பட்டியல் அச்சகத்துக்குப் போக வேண்டும். காலையில் சீலா ஐயா தலையை நீட்டினார்.

"எத்தனை பாக்கி?"

"ஒண்ணு" என்றான் பிலேமோ.

"ஒண்ணே ஒண்ணா! யாரு அது, போனை எடுக்க மாட்டேங்கறானா?"

"எடுத்துடுவான்."

"பன்னெண்டுக்குள்ள முடி. டீக்கடையில இருக்கேன்." அவர் போய்விட்டார்.

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். வெளியே தகரத்தின் மேல் மழை. திரை முழுக்க வெள்ளை வரிகள், நடுவில் ஒன்று சிவப்பு. பிலேமோ, கோதுமைக் குலம். அதை அவன் ஒருமுறை சரிபார்த்தான். அச்சா. அன்யி, ரூத். அதுதான் சிவப்பு.

"இதுல எழுத்துதான் தகராறுபோல" என்றான்.

அன்யியின் கூடாரத்தை அழித்தான். கீபோர்டை மாற்றி, புதிதாக ஒன்றைத் தட்டினான். சிவப்பு அப்படியே இருந்தது. மறுபடி அழித்தான். மறுபடி தட்டினான். மூன்றாவது முறை அழிக்கும்போது, மிக மெதுவாக, விசையை ஊசிமுனையைத் தொடுவது போலத் தொட்டு அழுத்தினான். அறுநூறு வீடுகளுக்கு அந்த எழுத்தைப் போட்டவன் அவன். அது சரியாகத்தான் இருக்கிறது என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

போன் என் மடியில் இருந்தது. நாற்பது வீடுகளிடம் கேட்டுவிட்டேன். என்னிடம் கேட்க ஆள் இல்லை.

"இன்னொரு வழி இருக்கு" என்றான் பிலேமோ. அவன் என் பக்கம் திரும்பவில்லை. "ரூத்துன்னு மட்டும் விட்டுட்டா சரியாப் போயிடும். அதுக்குத்தான் வரிசை கிடையாதே. இப்பல்லாம் டவுன்ல நிறைய பேரு அப்படித்தானே போடறாங்க. பள்ளிக்கூடத்துலயும் அவளை ரூத்துன்னுதான் கூப்பிடறாங்க."

"அவ அன்யி" என்றேன்.

"வீட்டுல அன்யின்னே கூப்பிடலாம். அட்டையில மட்டும்."

அவன் அன்யி என்ற பெயரைக் கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். கடைசியாகக் கூடாரமும் போனது. ரூத் மட்டும் நின்றது. அந்த வரி வெளுத்தது. மேலிருந்து கீழ்வரை பட்டியலில் ஒரு சிவப்பும் இல்லை. அவன் மூச்சை விட்டான். சேமிக்கிற விசையின் மேல் விரலை வைத்தான்.

நான் எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக் கீபோர்டிலிருந்து எடுத்தேன். அவன் என்னைப் பார்த்தான். பிலேமோவை அப்படிப் பயந்த முகத்தோடு நான் அதற்கு முன் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், தோள்பையை இறக்காமல் வந்து நின்ற அன்று.

"அன்யியத் திருப்பிப் போடு" என்றேன். என் குரல் வாசிக்கிற குரல் போலவே வந்தது. "அவளுக்கு மேல ஒரு வரி விடு. அன்னான்னு அடி. ஒன்பது நாள்னு அடி. நீ அவளைப் பாக்கலைன்னு எனக்குத் தெரியும், அன்னா அப்பா. நான் பாத்தேன். நான் சொல்றேன், நீ எழுது."